படகில் இருந்தவர்களின் ஓரக்கண்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்று போன கோடையில் சொன்னார்கள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று என் கொழுந்தனார் வந்து சொன்னார். நான் நம்பவில்லை. ஒன்றுமில்லை என்றால் போனை எடுத்துக்கொண்டு ஏன் வாசலுக்குப் போய்ப் பேச வேண்டும்? என்னைக் கண்டதும் டாக்டர் ஏன் சிரிக்க வேண்டும்?

இவர்கள் மறைப்பதை எனக்குக் காட்டும் ஆண்டவரே என்று தினமும் அழுது ஜெபித்தேன். சூலூரில் எங்கள் தறிக்கூடம் ஓடாமல் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மேடைத் திரை வேண்டுமாம். புயலில் படகு, சீடர்கள், தூங்கும் இயேசு. நான் படம் வரைவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் எதையும் துருவாமல் இருக்க இதுவும் ஓர் ஏற்பாடு என்றே நினைத்தேன். ஆனாலும் மறுக்க முடியவில்லை.

எங்கள் தறியில் நெய்த காடாத் துணியைத் தறிக்கூடச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். தறிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். மூக்கு உரச நின்று வரைந்தேன். அலைக்கு நீலம் குழைக்கும்போது மட்டும் கொழுந்தனாரின் போன் ஞாபகம் வரவில்லை. அந்த நிம்மதியையும் நான் சந்தேகப்பட்டேன்.

சபையில் திரையைத் தொங்கவிட்ட அன்றுதான் தள்ளி நின்று முழுதாகப் பார்த்தேன். பாஸ்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஓரக்கண்ணுல பாத்துட்டு இருக்காங்களே. இயேசப்பாவ ஒருத்தரும் பாக்கலீங்களே?"

காட்டும் என்று கேட்டேன், ஆண்டவர் என்னையே காட்டிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு பிரஷ்ஷை எடுத்துச் சீடர்களின் கண்களைத் திருத்தினேன். வீட்டுக்குப் போய், சண்டை போடாமல், என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கேன்சர்தான் கண்ணு. தம்பிய உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னது நாந்தான். நீ தாங்கமாட்டீன்னு நெனச்சுப்போட்டேன்."

சந்தேகம் சரிதான். ஆனால் நான் இடிந்து போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். அவர்தான் அழுதார்.

சிகிச்சை முடிந்தது. நோய் போய்விட்டது என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டை நானும் வாங்கிப் படித்துவிட்டேன். தறிகள் மறுபடி ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் இவர் என்னைத் திட்டுவது காதில் விழுவதில்லை, அதற்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் படகும் ஆடிக்கொண்டிருந்தால், கூட இருப்பவர்களின் முகத்தை ஆராயாதீர்கள். ஆண்டவரை நோக்கிப் பாருங்கள். திரை இன்னும் சபையில்தான் இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் ஒரு சீடரின் கண்ணை மட்டும் நான் திருத்தவில்லை. அப்படிப்பட்டவரையும் சேர்த்துத்தானே அவர் கரை சேர்த்தார்.