சிவகாசி யார்டில் டீசலை அணைத்த நாள்

அந்தோணி மச்சான், உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த மறுவாரமே எனக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். அதே டீசல், அதே சிவகாசி லோடு. உங்கள் இடத்தில் புது அசிஸ்டெண்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார்டில் லோடு ஏறத் தொடங்கியதும் இஞ்சினை அணைக்கச் சொன்னேன். "எதுக்குண்ணே அணைக்கணும், அது பாட்டுக்கு ஓடட்டுமே" என்றார். பதில் சொல்லப் போன நான் பாதியில் விட்டுவிட்டேன். கீழே இறங்கி நின்றுவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. கரி

அந்தோணி என் அக்கா ரோஸ்மேரியின் வீட்டுக்காரர். எனக்கு முன்னாலேயே ரயில்வேயில் சேர்ந்து ஃபயர்மேன் ஆனவர். பிறகு நானும் சேர்ந்தேன். டிரைவர் வேலுச்சாமி அண்ணாச்சியின் இஞ்சினில் அவர் முதல் ஃபயர்மேன், நான் இரண்டாவது. விருதுநகரிலிருந்து தென்காசி லைனில் கூட்ஸ் ஓட்டுவது எங்கள் வேலை. வத்தல், பருப்பு, எண்ணெய், சீசன் வந்தால் சிவகாசிப் பட்டாசு.

கரி இஞ்சினில் ஃபயர்மேனுக்கு ஒரே கட்டளைதான். நெருப்பு அணையக் கூடாது. வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே நெருப்பு இருக்க வேண்டும். அணைந்துவிட்டால் மறுபடி மூட்டி ஸ்டீம் ஏற்றுவதற்குள் பாதி நாள் போய்விடும். மெமோ வரும். மெமோவைக்கூடத் தாங்கிவிடலாம். ஷெட்டில் வருஷக்கணக்கில் நடக்கும் கேலியைத் தாங்க முடியாது. நெருப்பை அணைய விட்டவன் என்று அவன் பெண்டாட்டிவரைக்கும் பெயர் போய்ச் சேரும்.

பட்டாசு லோடு என்றால் மட்டும் அந்த நெருப்பே எங்களுக்குப் பகை. புகைபோக்கியில் பொறி பறக்கும் என்பதால் இஞ்சினைக் கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். தூரத்தில் நிறுத்தி, இஞ்சினுக்கும் பட்டாசு வேகனுக்கும் நடுவில் காலி வேகன்களைக் கோர்த்து இழுப்போம். அதற்கு டம்மி என்று பெயர்.

அந்தோணிக்கு மூச்சிரைப்பு இருந்தது. அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தோணி டூட்டி முடிந்து வந்ததும் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் காதை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, உள்ள சருக மிதிக்கிற மாதிரி கேக்குது. இன்னும் ஒண்ணு ரெண்டு சீசன் கரிப்புகையில நின்னாகன்னா அவுக எனக்கு இல்ல."

ரயில்வே டாக்டரும் கரியை விட்டு வேறு வேலைக்கு மாறச் சொன்னார். லெவல் கிராசிங்கில் கேட் மூடித் திறக்கும் வேலை தயாராக இருந்தது. அந்தோணி சம்மதிக்கவில்லை. "போற இஞ்சினப் பாத்துக்கிட்டு கேட்டுல நிக்கிறதுக்கு, நேரா கல்லறைத் தோட்டத்துக்கே போயிருதேன் மாப்ளே" என்றார். அக்கா அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் போய்விட்டாள்.

2. ஒய்.டி.எம். நாலு

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் டீசல் வருகிறது என்று பேச்சு வந்தது. அதற்கு ஒய்.டி.எம். நாலு என்று பெயர். ஒய் என்றால் மீட்டர் கேஜ். டி, டீசல். எம் என்றால் பாசஞ்சருக்கும் கூட்ஸுக்கும் சேர்த்துச் செய்தது. எங்களுக்கு அது கூட்ஸ் இஞ்சின்தான். ஆறு அச்சு, ஆறிலும் மோட்டார். டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் வரும் கரண்ட் மோட்டாரைச் சுற்றும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். வேறு பக்கங்களில் ஓடிப் பழகி, அப்புறம் எங்கள் லைனில் சோதனைக்கு வந்தது.

எங்கள் மூன்று பேரையும் பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வகுப்புக்கு அனுப்பினார்கள். கரும்பலகையில் எழுதியதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தோணி குழாய்களின் பெயிண்டை வைத்து மனப்பாடம் செய்தார். இந்த நிறத்தில் எண்ணெய், இந்த நிறத்தில் தண்ணீர் என்று. எனக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார். அண்ணாச்சியோடு மூன்று பேரும் தேறினோம். பட்டாசு லைன் என்பதால் பழகும்வரைக்கும் இரண்டு அசிஸ்டெண்ட் இருக்கட்டும் என்று எங்களைப் பிரிக்காமல் விட்டார்கள்.

முதல் நாள் டூட்டியில் கைக்கு வேலையே இல்லை. கரி உடைக்க வேண்டாம், ஷவல் போட வேண்டாம், தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டாம். மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி சீட்டில் உட்கார்ந்திருந்தோம். திருத்தங்கல் தாண்டும்போது வேலுச்சாமி அண்ணாச்சி சொன்னார். "ஏலே, உக்காந்து சம்பளம் வாங்க எனக்குக் கூச்சமா இருக்குடா. பிளாட்பாரத்துல தெரிஞ்ச ஆள் யாரும் நிக்கானான்னு பாரு."

அந்தோணி அன்றைக்கு வெள்ளைத் துண்டு கட்டி வந்திருந்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் அதை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினார். அது வெள்ளையாகவே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அக்கா முதுகில் காதை வைத்துவிட்டு, சத்தம் குறைந்திருக்கிறது என்றாள். நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

3. பொறி

டீசலைப் பார்த்து சிவகாசியில் எல்லாருக்கும் சந்தோஷம். கரி இல்லை, அதனால் பொறி இல்லை என்று நினைத்தோம். நாங்களும் நினைத்தோம், ஸ்டேஷனிலும் நினைத்தார்கள். டம்மி வேகன் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் பட்டாசு வேகனையே இஞ்சினுக்கு அடுத்து மாட்டினோம். கம்பெனி ஏஜெண்ட் ஒருவர், வெள்ளை வேட்டி கட்டியவர், இஞ்சினுக்குச் சந்தனம் பூசி மாலைகூடப் போட்டார்.

தீபாவளி சீசன் தொடங்கியது. ஒரு நாள் காலையிலிருந்து லோடு ஏறியது. பெண்கள் கூட்டமாகப் பெட்டி சுமந்தார்கள். இஞ்சின் பக்கத்து லைனிலேயே ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஐடில் என்றால் வண்டி நிற்க, இஞ்சின் மட்டும் மெதுவாக ஓடுவது. பொழுது சாயும் நேரத்தில் வேகன்களை மாட்டினோம், சிக்னல் விழுந்தது. அண்ணாச்சி நாட்ச் போட்டார். நாட்ச் என்பது வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் கைப்பிடி.

புகைபோக்கியிலிருந்து நெருப்பு கொத்தாகக் கிளம்பியது. கார்த்திகைக்குச் சூந்து கொளுத்திச் சுற்றுகிற மாதிரி சிவப்புச் சிவப்பாக எழும்பி, அடுத்த வேகனின் கூரையில் விழுந்து உருண்டது. ஷெட்டில் இருந்த பெண்கள் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணாச்சி நாட்ச்சை இறக்கினார். வேகன் கதவு இறுக்கமாக மூடி இருந்தது, கூரைத் தகட்டில் ஓட்டை இல்லை. ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போது ஒரு வரியில் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்கு மூத்திரம் போய்விட்டது.

ஏஜெண்ட் வந்தார். கத்தவில்லை. கும்பிட்டுச் சொன்னார். "அண்ணாச்சி, உங்க மேல வருத்தம் இல்ல. இது வேண்டாம். கரி இஞ்சினாவது எப்பத் துப்பும்னு எங்களுக்குத் தெரியும். பழைய இஞ்சினவே அனுப்பச் சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். மறுநாளே ஆர்டர் வந்தது. லோகோ இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை பட்டாசு லோடுக்கு டீசல் கிடையாது. அவரும் சரியில்லை என்று எழுதினால் டீசல் இந்த லைனை விட்டே போகும், நாங்கள் கரிக்குத் திரும்ப வேண்டும். அக்காவிடம் அந்தோணிதான் சொன்னார். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை முழுவதும் உரித்து முடித்தாள்.

4. ஸ்டாப் பட்டன்

இன்ஸ்பெக்டர் சிவகாசிக்கே வந்தார். குள்ளமானவர், வாயில் வெற்றிலை. முன்பு நடந்த மாதிரியே எல்லாம் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு எங்கள் இஞ்சினில் ஏறினார். பக்கத்து லைனில் லோடு ஏறத் தொடங்கியது. இந்தத் தடவை இஞ்சினைத் தள்ளி நிறுத்தியிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு இது ஓடுது?" என்று கேட்டார்.

அண்ணாச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. "லோடு முடியணும்லாங்க."

"அதுவரைக்கும் எதுக்கு ஓடணும்?"

"அணைய விடலாமாங்க?"

இன்ஸ்பெக்டர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் கரி இஞ்சினில் நின்றவர்தான். "யோவ் வேலுச்சாமி, கரி உங்க மூணு பேர் ரத்தத்துல இருக்குய்யா" என்றார்.

அவர் விளக்கியது இது. ஐடிலில் நாள் முழுக்க விட்டால் டீசலும் எண்ணெயும் சரியாக எரியாது. எரியாதது புகைபோக்கியில் பிசினாகப் படியும். நாட்ச் போட்டதும் சூடு ஏறி அந்தப் பிசின் பற்றிக்கொண்டு பறக்கும். இஞ்சின்மேல் குற்றம் இல்லை. நெருப்பு அணையக் கூடாது என்று பழகிய கையை வைத்துக்கொண்டு நாங்கள் அதை அணைக்காமல் வைத்திருந்தோம்.

அப்படியென்றால் அணையுங்கள் என்றார். அண்ணாச்சி அசையவில்லை. பேட்டரி இழுக்காவிட்டால் என்ன செய்வது என்றார். உதவிக்கு வேறு இஞ்சின் விருதுநகரிலிருந்து வர வேண்டும். ஒற்றை லைன். அத்தனை பட்டாசும் வெயிலில் நிற்கும், ஏஜெண்ட் நேரில் பார்ப்பார். அதற்குப் பிறகு டீசல் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். எல்லாம் உண்மைதான். சொல்லிக்கொண்டே அண்ணாச்சி ஸ்டாப் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனார், திரும்ப எடுத்தார். வாழ்நாள் முழுக்க நெருப்பைக் காத்த கை. வரவில்லை.

அந்தோணி எழுந்தார். "தள்ளுங்கண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினார்.

இஞ்சின் நின்றது. யார்டு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. வேப்பமரத்தில் இருந்த குருவிச் சத்தம்கூடக் கேட்டது. பெட்டி சுமந்த பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் விஸ்வநத்தம் கிராமத்து அக்கா ஒருவர் கேட்டார். "ஏ அந்தோணியண்ணே, செத்துப்போச்சா?"

"தூங்குதுக்கா. நீங்க மெதுவாப் பேசுங்க" என்றார் அவர். அவர்கள் சிரித்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

லோடு முடிந்தது. ஏஜெண்டும் வந்து நின்றார். பட்டனை அமுக்கியவரே ஸ்டார்ட் செய்யட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அந்தோணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். இஞ்சின் முக்கியது, முனகியது, சுற்றியது. பிடிக்கவில்லை.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அந்தோணிக்கு அங்கேயே இரைக்க ஆரம்பித்தது. நான் அவர் முதுகில் கை வைத்தேன், சட்டை நனைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் பதறவில்லை. டீசல் அழுத்தம் காட்டும் கேஜைக் காட்டி, "பம்ப்பு இன்னும் டீசலக் கொண்டு வரல. முள்ளு ஏறட்டும். அவசரப்பட்டா எதுவும் நடக்காதுய்யா" என்றார். எல்லாரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறியது. அந்தோணி மறுபடி அமுக்கினார்.

பிடித்துக்கொண்டது. வெள்ளையாக ஒரு புகை வந்து, பிறகு அதுவும் தெளிந்தது.

அதோடு முடியவில்லை. வேகனை மாட்டாமல் இஞ்சினை மட்டும் யார்டின் கடைசிவரைக்கும் கொண்டுபோகச் சொன்னார். அங்கே பிரேக்கைப் போட்டு நிறுத்தி, நாட்ச் ஏற்றச் சொன்னார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, பொறி இருந்தால் தெரியும். ஏஜெண்ட் கையை நெற்றியில் வைத்துப் புகைபோக்கியையே பார்த்தார். சிவப்பாக ஒரு புள்ளிகூட வரவில்லை. அவர் கையை இறக்கினார். கடைசியில் சொன்னார். "சரி, கொண்டு போங்க. ஆனா நடுவுல டம்மி போட்டுத்தான் கொண்டு போகணும்."

டம்மியை நாங்களே கேட்டு வாங்கி மாட்டினோம். வண்டி கிளம்பி டிஸ்டண்ட் சிக்னல் தாண்டியதும் அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்தோணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

5. அதற்குப் பிறகு

டீசல் எங்கள் லைனிலேயே இருந்துவிட்டது. குறையில்லாத இஞ்சின் என்று சொல்லமாட்டேன். காது அடைக்கும். மழையில் சக்கரம் வழுக்கும், தண்டவாளத்தில் மணல் போட்டு ஏற்ற வேண்டும். ரேடியேட்டர் கோடையில் படுத்தும். ஆனால் கரி இஞ்சின் முக்கிக்கொண்டு இழுத்த லோடை இது பேசாமல் இழுக்கும். இப்போது இதே மாதிரி நம் நாட்டிலேயே செய்யப் போகிறார்கள் என்று ஷெட்டில் சொல்கிறார்கள்.

தம்பிகளே, நான் படித்த பாடம் இதுதான். புது இஞ்சினில் ஏறும்போது பழைய இஞ்சினின் பயத்தையும் கூடவே ஏற்றாதீர்கள். பழைய இஞ்சினின் ஜாக்கிரதையை மட்டும் கீழே விடாதீர்கள். லோடு ஏறும்போது அணையுங்கள். டம்மி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கரியில் கெட்ட நெஞ்சு முழுக்கச் சரியாகவில்லை. ஆனாலும் அக்கா பயந்த கெடு வந்து போய், அதற்கு மேலும் பல தீபாவளி அவர் எங்களோடு இருந்தார். தன் இரண்டு பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருமல் இல்லை, திணறல் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ நெஞ்சுக்காரர்கள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தவள் அக்கா. அவர் முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். "தம்பி, அவுக கஷ்டப்படல. அது போதும்."

எனக்குப் போதவில்லை. ஆனால் அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் டூட்டிக்குப் போய் வருகிறேன்.

இதைப் படிக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். மாதா கோயிலுக்குப் போனாலும் சரி, மாரியம்மன் கோயிலுக்குப் போனாலும் சரி, எங்கள் அந்தோணி மச்சான் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் ஜெபம் செய்யுங்கள். போன இடத்தில் அவருக்கு மூச்சு லேசாக வர வேண்டும் என்று கேளுங்கள்.