முந்திரிக் கருப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் நான் நர்ஸ். ஒரு நாளைக்கு அறுபது கால் வரும். முகம் மறந்துவிடும், கால் மறக்காது. மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். இந்த லட்சணத்தில்தான் எங்களுக்கு ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது திருச்சியிலிருந்து ஒரு கல்லூரிக் குழு. ஏற்கெனவே வந்துபோன நோயாளிகளின் விவரங்களை வைத்து அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். இருபது கேள்விக்குப் பதில் போட்டால், புண் ஆறுமா, கால் போகுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும். திரையில் சிவப்பு வந்தால் அன்றைக்கே சர்ஜனிடம் அனுப்ப வேண்டும். பச்சை வந்தால் கட்டுப் போட்டு, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அறுபது பேருக்கும் இருபது கேள்வியை யார் தட்டுவது? நான்தான்.

அதில் ஒரு கேள்வி, விரல் கருத்திருக்கிறதா என்பது. ரத்த ஓட்டம் நின்று விரல் செத்துப்போனால் கருப்பாகும், அதற்காகக் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அங்கே ரோட்டோரம் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கும் பெண்களுக்குக் கையும் காலும் எப்போதும் கருப்புதான். கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெயும் கரியும் சேர்ந்து தோலில் அப்பிக்கொள்ளும். சோப்புக்கெல்லாம் மசியாது. தேங்காய் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

முதல் மாதம் கண்ணில் பட்டதை அப்படியே போட்டேன். முந்திரிப் பெண்கள் அத்தனை பேருக்கும் சிவப்பு வந்தது. சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, கந்தர்வக்கோட்டைக்காரங்க காலையெல்லாம் எடுத்துரலாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து, முந்திரி வேலை என்று சொன்னாலே அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அப்படித்தான் அந்த அக்காவுக்கும் தட்டினேன். ஐம்பது வயதிருக்கும். இடது கால் சுண்டுவிரலில் புண், விரல் கருப்பு. வரிசை வராந்தா வரை நின்றது.

"முந்திரி வேலையாக்கா?"

"ஆமா தாயி."

பச்சை வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "பச்சைதானே? அப்ப காலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மற்ற நான்கு விரலிலும் கறை போய் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. புண் வந்ததிலிருந்து இரண்டு மாதமாக அவர் வேலைக்கே போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

பன்னிரண்டாம் நாள் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தது. வாடை வராந்தாவிலேயே அடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் வந்த குழுவில் ஒரு பெண் டேப்லெட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் கேஸ்ல மாடல் தப்பாச் சொல்லிருக்கு சிஸ்டர். இதையும் சேத்துக் கத்துக்குடுத்தா சரியாயிரும்" என்றாள். நான் போட்ட 'இல்லை'யைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கேள்வியை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இவளிடம் சொல்லி எனக்கென்ன, சொல்ல வேண்டிய ஆள் வேறு.

அந்த ஆள் மறு வாரம் சக்கர நாற்காலியில் வந்தார். வெட்டிய இடத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவரே என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மிஷின்தான தாயி தப்பாச் சொல்லிருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க? மனசுல வச்சுக்காதீங்க."

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டத்தான் நினைத்தேன். அவ்வளவு அலுப்பாக இருந்தது.

"மிஷின் தப்பாச் சொல்லலக்கா. நான்தான் தப்பாப் போட்டேன். முந்திரிக் கறைன்னு நெனச்சேன். தேச்சுப் பாக்கல."

அவர் என்னையே பார்த்தார். கோபமா, புரியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுத்துணியின் முனையைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவர் மிச்சமிருந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார்.

"அப்ப இதையாச்சும் ஒழுங்காப் பாரு."

தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெளியே வரிசை சத்தம் போட்டது. சுண்டுவிரலின் நகத்தோரம் இன்னும் ஒட்டியிருந்த பழைய கறையிலிருந்து ஆரம்பித்தேன்.