போட்டோவுக்குப் போட்ட சட்டை

ஜூஜுவாடியில் எங்கள் குடியிருப்பு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர், இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ஒரு சேவை சங்கத்தார் வந்து, எங்கள் வேலைக்கு ஏதோ திட்டம் என்று பெயர் வைத்துப் பேனர் கட்டினார்கள். வெளிச்சம் பட்டால் மின்னுகிற மேல்சட்டைகளை எங்களுக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளை எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் சங்கச் செயலாளர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"சட்டையைக் கழட்டிக் குடுங்க சார். பாகலூர் ஸ்கூல்ல அடுத்த புரோகிராம் இருக்கு."

மற்ற மூவரும் கழற்றிக் கொடுத்தார்கள். நான் கழற்றவில்லை.

"நாளைக்கு வர்ற லாரிக்காரன் உங்க போட்டோவைப் பாத்தா பிரேக் போடுவான்?" என்று கத்தினேன்.

"கோவப்படாதீங்க பெரியவரே" என்று சிரித்தபடி என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தள்ளிவிட்டேன். பெட்டியிலிருந்த மூன்று சட்டைகளையும் வாரி எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் ஓடிவந்தார். "ஐயா, பெஞ்சு வாங்கித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. கெடுத்துராதீங்க."

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். நாலு சட்டைகளையும் திருப்பிக் கொடுத்தேன்.

பெஞ்சு வரவேயில்லை. அவர்கள்மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்துவிட்டது. கொடுத்துவிட்டு வந்த என்மேல்தான் இன்னும் தணியவில்லை.