வார்டர் திருடக் கற்றது

வார்டர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு கதவுக்கும் நிம்மதி இல்லை. பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். சமையலறை அலமாரியைக்கூட விட்டுவைக்கவில்லை. "சர்க்கரை டப்பா தப்பிச்சு ஓடிடும்னு பயமா?" என்று மனைவி கேட்டால், "பழக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்.

சிறைச்சாலையில் வார்டராக இருந்த மனுஷன். உடுப்பைக் கழற்றிய பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் மருமகனைப் பற்றி ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து இறங்கும்: "என் டூட்டியில ஒரு ஈ காக்கா வெளிய போனதில்லை." எதிர்வீட்டுத் தையல்காரருக்கு இது மனப்பாடம். வார்டர் "என் டூட்டியில" என்று இழுத்ததுமே, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் "ஈ காக்கா" என்று எடுத்துக் கொடுப்பார்.

அவர் வாயில் வராத சொல்லும் ஒன்று உண்டு. "முடியலை." கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி அதைக் கேட்டதே இல்லை. பீரோவைத் தனியாக நகர்த்தி இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட, "பீரோ கொஞ்சம் கனம்" என்றுதான் சொன்னார்.

மனைவியை எல்லோரும் நாற்றுக்காரி என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் நிழல்வலை கட்டி, குழித்தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் பூச்செடியும் முளைக்கவைத்து விற்பவள். அவள் கைராசி அப்படி என்று வாங்க வருகிறவர்கள் சொல்வார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "நேரத்துக்குத் தண்ணி போனா எதுவும் முளைக்கும்" என்பாள். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தது கையில் தூக்கிப் போகிற மாதிரியான ஒரு சின்ன இன்ஜின் பம்பு. வேலை முடிந்ததும் அதைக் கழற்றித் துடைத்து, தோட்டத்து மூலையில் இருந்த ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள். மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், நீள ஓஸ் எல்லாம் அதற்குள்தான்.

முதல் தடவை திருட்டுப் போனபோது ஷெட்டுக்குப் பலகைக் கதவு. திருடன் அதற்குக் கஷ்டமே படவில்லை. ஒரு உதை விட்டிருப்பான் போல. ஸ்பிரேயரும் ஓஸும் போயின. பம்பு ரிப்பேர் கடையில் இருந்ததால் தப்பியது. நாற்றுக்காரி பொருமிக்கொண்டிருக்க, வார்டருக்கு முகமெல்லாம் களை வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி வந்த முதல் வேலை அல்லவா.

"நீ விடு. இனிமே இது என் பொறுப்பு."

பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து ஒரு இரும்புக் கதவு கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. கை தடிமனுக்குக் கீல்கள், குறுக்கே ஒரு பட்டைத் தாழ்ப்பாள், அதில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. மாட்டி முடித்ததும் கதவை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார். "இனிமே பாரு, ஒரு ஈ காக்கா..." என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தையல்காரர், "வெளிய போகாது" என்று முடித்துவைத்தார். அன்றைக்கு அந்தச் சொல்லில் இருந்த வினை யாருக்கும் உறைக்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டுத் திரும்பினால், இரும்புக் கதவு கழற்றப்பட்டு, சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பூட்டு அப்படியே பூட்டியபடி இருந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களைத் திருடன் ஒரு ஓரமாகக் குவித்துக்கூட வைத்திருந்தான். ரிப்பேர் முடிந்து வந்திருந்த பம்பைக் காணோம்.

அடுத்து வந்த நாட்களில் நாற்றுக்காரி வாளியில் தண்ணீர் சுமந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அப்படியும் பாதித் தட்டுகள் தலை தொங்கின. பெரிய தோட்டம் ஒன்றுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த மிளகாய் நாற்று கருகிப்போயிற்று. கருகிய தட்டுகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனாள். கீல் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, ஜெயில்ல கைதி எந்தப் பக்கம் இருப்பான்?"

"இது என்ன கேள்வி? உள்ள."

"அவன் கைக்கு எட்டக் கூடாதுன்னு ஸ்க்ரூ, தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கமா வச்சிருப்பீங்க."

"ஆமா."

"இங்கயும் அப்படியே வச்சிருக்கீங்க. உள்ள இருக்கிறது என் மண்வெட்டி. அது எங்க ஓடப் போகுது?"

வார்டர் கதவைப் பார்த்தார், ஸ்க்ரூ குவியலைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு எந்தக் கதவையும் அவர் இழுத்துப் பார்க்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அவள் தம்பி போன் செய்தான். அவனுக்கு ஊரின் அந்தக் கோடியில் ஒரு குடோன் இருந்தது. "அக்கா, பேசாம எல்லாத்தையும் இங்க கொண்டு வந்துடு. காவலுக்கு ஆள் இருக்கு, பின்னாடி இடமும் இருக்கு. மாமா கதவு மாட்டுறதுக்குள்ள உன் பொழைப்பு போயிடும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் குடோனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. வார்டர் பகல் டூட்டி, இராத்திரி டூட்டி என்று அலைந்த காலமெல்லாம், இந்த மனுஷன் ஒரு பகல் நம்மோடு வீட்டில் இருக்க மாட்டாரா என்று ஏங்கியவள் அவள். இப்போது அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் கிளம்பிப் போவதா? அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவரிடம் சொன்னபோது, "போறதுன்னா போயேன்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவருக்கும் பிடிக்கவில்லை என்று அந்தச் சுவரே சொல்லிற்று.

புதுப் பம்பு வந்தது. அது ஷெட்டுக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அடியில் போயிற்று. அறை முழுக்கப் பெட்ரோல் வாடை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்றுக்காரி தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"ஷெட்டைச் சரி பண்ணுங்க. பண்ணிட்டு, நீங்களே திருடனா நின்னு அதை உடைச்சுப் பாருங்க. உங்களால முடியலைன்னாதான் பம்பு உள்ள போகும். அடுத்த விதை போடுற வரைக்கும் டைம். அப்பவும் அது உடைஞ்சா, பம்பு தம்பி குடோனுக்கு. அது பின்னாலயே நானும்."

"உடுப்புப் போட்டவன் திருடுறதா?"

"உடுப்பைத்தான் கழட்டியாச்சே."

வார்டர் கீல்களை உள்பக்கமாகத் திருப்பி மாட்டினார். மூன்றாம் நாள் முற்பகல் சோதனை. தெருவில் சும்மா இருந்தவர்கள் எல்லோரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். வார்டர் கடப்பாரையை எடுத்துக் கதவிடுக்கில் வைத்தார். அழுத்தினார் என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல நாலு தட்டு தட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார், வராத வேர்வையை. "கெட்டியா இருக்கு" என்று சபைக்கு அறிவித்தார்.

நாற்றுக்காரி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்பக்கம் போனாள். அங்கே காற்றுக்கு விட்டிருந்த சின்ன ஜன்னலில் கம்பிவலை வெளிப்பக்கமாக ஆணி அடித்துப் பொருத்தியிருந்தது. வெறுங்கையால் பிடித்து இழுத்தாள், அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவி மண்வெட்டியை வெளியே எடுத்தாள். கொண்டுவந்து வார்டரின் காலடியில் வைத்தாள்.

"ஈ காக்கா இல்லைங்க, மண்வெட்டி. உங்க டூட்டியிலதான் வெளிய வந்திருக்கு."

தையல்காரர் வாயில் வைத்திருந்த குண்டூசியை விழுங்காமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

வார்டருக்கு ரோஷம் வந்தது. நல்ல ரோஷம். மறுநாள் காலை அவள் தட்டுகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், மனுஷன் வேலிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"திருடன் எங்க நின்னு பார்ப்பான்னு பார்க்கிறேன். இங்கிருந்து பார்த்தா உன் சாமான் எல்லாம் ஜன்னல் வழியா கண்காட்சி மாதிரி தெரியுது. இத்தனை வருஷம் அடைச்சு வைக்கிறவனாவே யோசிச்சுட்டேன். ஒரு நாள்கூட ஆசைப்படுறவனா யோசிச்சதில்லை."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கம்பி போட்டுச் சாக்குத்துணித் திரை தொங்கவிட்டார். சாயங்காலமே கூரை வழியாக இறங்கித் தன் திருட்டில் தானே ஜெயித்தார். தகரத்தின் போல்ட்டுகள் மேலேயிருந்து கழன்றன. சுவரோரம் கிடந்த ஏணியோ வாவா என்று கூப்பிட்டது. ஏணியைச் சங்கிலி போட்டுக் கட்டினார். கீல், தாழ்ப்பாள், கூரை எல்லாவற்றுக்கும் வெளியே மொழுமொழுவென்ற தலையும் உள்ளே நட்டுமாக போல்ட்டு முடுக்கினார். ஒருநாள் கதவு நிலையையே நெம்பிப் பெயர்த்துவிட்டார். பெயர்த்தது எதனால் என்று பார்த்தால், நிழல்வலைக்கு அடியில் அவள் மறந்து போட்டுவிட்டு வந்த அவளுடைய கடப்பாரையால்தான்.

"பார்த்தியா, திருடன் வெறுங்கையோட வந்தா போதும். மீதி நாமளே கொடுக்கிறோம்" என்றார். அன்றிலிருந்து கடப்பாரையும் ராத்திரி உள்ளேதான் தூங்கிற்று. நிலைக்குச் சுவரில் இரும்புப் பிடிகள் ஏறின.

மனுஷனுக்கு நடையே மாறிவிட்டது. சீட்டியடித்துக்கொண்டு எழுந்தார், பசித்துச் சாப்பிட்டார். உள்ளே புகுந்த நாளெல்லாம் அவள் முன்னால் வந்து நின்று, எப்படிப் புகுந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். தோற்றதைச் சொல்ல இவருக்கு இவ்வளவு ஆசையா என்று அவளுக்கு ஆச்சரியம். தெருவில் கிராக்கியும் வந்துவிட்டது. "வார்டர், எங்க ஷெட்டையும் ஒரு தடவை உடைச்சுப் பாருங்களேன்" என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். தையல்காரர் துணிக்கட்டு வைக்கிற அறைக்கு வெளிநாட்டுப் பூட்டு போட்டிருப்பதாகப் பெருமையடித்துவிட்டு, வார்டருக்கு டீ எடுத்துவர உள்ளே போனார். டீயோடு வந்தபோது வார்டர் அந்த அறைக்குள் துணிக்கட்டின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு தையல்காரர் ஈ காக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விதை போடும் நாள் வந்தது. தம்பி காலையிலேயே வேனோடு வந்து நின்றான். நாற்றுக்காரி கட்டிலுக்கு அடியிலிருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். வேனுக்கோ ஷெட்டுக்கோ, இன்றைக்குத் தெரிந்துவிடும். அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பொய்யாகத் தோற்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

வார்டர் கூரையில் ஆரம்பித்தார். பிறகு ஜன்னல். பிறகு கீல், தாழ்ப்பாள், நிலை. தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கடப்பாரையைக்கூட வாங்கி நெம்பினார். சபையைப் பார்க்கவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் கசிந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. மரத்து நிழல் நகர்ந்து அவள் முகத்தில் வெயில் விழுந்தது. அவளும் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவளைத் தேடிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"முடியலை."

நாற்றுக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னால முடியலைம்மா. என்ன பண்ணியும் முடியலை."

தம்பி வெறும் வேனை ஓட்டிக்கொண்டு, பெட்ரோல் விலையைப் பற்றி முணுமுணுத்தபடி போனான். பம்பை அவளே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தாள். சாவியை அவரிடம் கொடுத்தாள்.

தக்காளி நாற்று இரண்டாம் இலை விட்டிருந்த சமயம், ஒரு காலை வார்டர் அவளைத் தோட்டத்துக்கு அழைத்தார். ஷெட் நிலையில் புதிதாகக் கீறல்கள். பெயிண்டு உரிந்து பல இடத்தில் பள்ளம். கீலுக்குப் பக்கத்து இடுக்கில் யாருடைய ஸ்க்ரூ டிரைவரோ முனை உடைந்து மாட்டிக்கொண்டிருந்தது. அவள் அவசரமாகச் சாவியை வாங்கித் திறந்தாள். பம்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"அவனாலயும் முடியலை போல" என்றாள்.

"பாவம், நல்லாத்தான் முயற்சி பண்ணியிருக்கான்" என்றார் வார்டர், கீறல்களை விரலால் தடவிக்கொண்டு. பெயிண்டு அடித்து மறைக்கலாமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று வேலை முடிந்து பம்பைத் துடைத்து உள்ளே வைத்ததும், அவர் ஷெட்டைப் பூட்டிக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அவள் வீட்டு வாசலில் நின்று காத்திருந்தாள், அடுத்த தடவைக்காக. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து, "சாப்பிடலாமா?" என்றார்.