வயிறு நிரம்பிய பின் போட்ட எடை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், குழு நண்பர்களே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

என் எம்.ஃபில். ஆய்வு உங்களுக்குத் தெரியும். பெருங்களத்தூர் பக்கம் ஒரு பால்வாடியில், குழந்தைகளுக்கு மூன்று மாதம் சத்துமாவுக் கஞ்சி. கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை எடை, கொடுத்து முடித்த பின்பு ஒரு முறை.

முதல் முறை, காலையில் வெறும் வயிற்றில், நானே எடை போட்டேன். இரண்டாம் முறை பாப்பாவுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. பால்வாடி ஆயாவே எடை போட்டு நோட்டில் எழுதி வைத்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் எடை கூடியிருந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

இன்று நன்றி சொல்ல இனிப்போடு போனேன்.

"இன்னா மேடம், எடை ஜோரா ஏறிகீதா?" என்று ஆயா சிரித்தார். "பசங்களுக்கு வயிறு முட்ட சோறு ஊட்டி, தண்ணி குடிக்க வெச்சு, அப்பாலதான் மெஷின்ல நிக்க வெச்சேன்."

"ஐயோ, ஏன் ஆயாம்மா?"

"கைக்கொழந்தைய தூக்கிகினு பஸ்ல அல்லாடறியேம்மா. நீ பாஸாவ வேணாவா?"

கோபப்படக்கூட முடியவில்லை. இனிப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கஞ்சி நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இனி எடை போட்டும் பயனில்லை. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இதற்குமேல் அவகாசம் தரமாட்டார்கள். மறைத்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இதுவரை நான் நிரூபித்திருப்பது ஒன்றுதான்: சாப்பிட்டால் எடை கூடும்.

புள்ளியியல் தெரிந்தவர்களே, இதைக் காப்பாற்ற வழி உண்டா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.