கல் கிடைக்கும்வரை

நான் வேலை பார்க்கும் கடிகார ஷோரூமில் வாடிக்கையாளர் ஒருவர் சர்வீஸுக்குக் கழற்றி வைத்த கைக்கடிகாரத்திலிருந்து வைரக்கல் ஒன்று தெறித்து விழுந்தது. “ஆரும் அசையாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

தொண்ணூறுகளில் கோட்டைமேட்டு வீட்டில் என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தா, போட்ட சத்தம் அது. அத்தா கல் பதிப்பவர். அன்று ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சாவி கொடுக்கும் கடிகாரம் வந்திருந்தது. உள்ளிருந்த இயந்திரத்தைக் கழற்றிக் கிண்ணத்தால் மூடிவிட்டு, விளிம்பில் நுண்ணிய குழிகள் போட்டுச் சிவப்புக் கற்களைப் பதித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கல், அதைப் பிடித்திருந்த சாமண இடுக்கியிலிருந்து துள்ளிவிட்டது. கல் பாதத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பதால், கிடைக்கும்வரை வீட்டில் யாரும் நகரக் கூடாது. அத்தா டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்துத் தேடினார்.

“ஏனுங்க, சோறு அடிப்புடிக்குதுங்க,” என்றார் அம்மா.

“புடிக்கட்டும் அம்மணி, நீ அசையாதே.”

வீடெல்லாம் தீய்ந்த வாடை ஏறிய பிறகு, அத்தாவின் கைலி மடிப்பிலேயே கல் கிடைத்தது. அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

இப்போது ஷோரூமில், நாள் முழுக்க நின்று கடுத்த காலோடு நானும் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தைத் தரையில் படுக்க வைத்தேன்.

“விடுங்க, கம்பெனில வேற வெச்சுக் குடுப்பாங்க,” என்று அந்த வாடிக்கையாளர் வாசலை நோக்கி நடந்தார்.

தூக்கி வைத்த அவருடைய ஷூவின் அடியில் ஏதோ மினுங்கியது. கூப்பிட எனக்குத் தெம்பில்லை.