பன்னிரண்டிலிருந்து போகலாம்

என் மனைவி ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பத்தொன்பது வருஷமாகப் பியானோ வாசிக்கிறாள். இதைச் சொன்னால் உடனே "அடடே, அடுத்த கச்சேரி எப்போ?" என்று கேட்பார்கள். கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷத்துக்கு எழுபது கச்சேரி வாசிக்கிறாள். அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

அவள் வேலை பக்கவாத்தியம். வயலின், செல்லோ, புல்லாங்குழல், வாய்ப்பாட்டு என்று எந்த மாணவன் தேர்வுக்காக மேடை ஏறினாலும் பியானோவில் இவள் உட்கார்ந்திருக்க வேண்டும். நிகழ்ச்சித் தாளில் மாணவன் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். அவனுடைய ஆசிரியர் பெயர் இருக்கும். எப்போதோ செத்துப்போன இசையமைப்பாளர் பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் இருக்கும். கடைசியில் பொடி எழுத்தில் 'பியானோ: துறை ஊழியர்'. ஒரு வருஷம் அந்த வரியும் விட்டுப்போயிருந்தது. போய்க் கேட்டதற்கு, இடம் பத்தவில்லை என்றார்களாம். தாளின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாகத்தான் இருந்தது.

அந்தத் துறையில்தான் அவளும் படித்தாள். படிப்பு முடிந்த கையோடு, ஒரே ஒரு வருஷம் இதைப் பார், அப்புறம் உன் இஷ்டம் என்று ஆறாம் எண் அறையில் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. அறையில் ஒரு பியானோ, ஒரு மேஜை விசிறி, தாள் பறக்காமல் இருக்கத் துணி மாட்டும் கிளிப்புகள் நாலு. கால் ஆடிக்கொண்டிருந்த அவள் ஸ்டூலை நான்தான் என் ஸ்பேனரைக் கொண்டுபோய் முடுக்கிக் கொடுத்தேன். மாணவர்கள் தேர்வுக்கு முந்தின நாள் இசை எழுதிய தாளை, அதாவது நோட்ஸை, நகல் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் கீழ் வரி வெட்டுப்பட்டிருக்கும். கீழ் வரிதான் இடது கைக்கு. "மேடம், நீங்க சமாளிச்சுப்பீங்க" என்று வாயெல்லாம் பல்லாக நிற்பார்கள். இவளும் சமாளித்துத் தொலைப்பாள்.

சமாளிப்பது என்றால் சாதாரணச் சமாளிப்பு இல்லை. மேடையில் பையன் பதற்றத்தில் நாலு வரியைத் தாண்டிவிடுவான். அவன் எங்கே போய் விழுந்தான் என்று கண்டுபிடித்து, இவளும் அதே நொடியில் அங்கே தாவிவிட வேண்டும். தாவினாள் என்பதே கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. பையனுக்கே பல சமயம் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு மூணு பேரைப் பிடிச்சேன்" என்பாள். கல்யாணமான புதிதில் ஏதோ காப்பியடித்தவர்களைப் பிடித்தாள் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா கண்டிச்சியா?" என்று கேட்டிருக்கிறேன். யார் எங்கே தாண்டினார்கள் என்று வெளியே சொல்வதும் கிடையாது. அது அவள் தொழிலில் எழுதாத சட்டம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு நோட்ஸில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஆறு வருஷமாக அவளுக்குப் பக்கம் திருப்புவது நான்தான். திருப்புவதற்கு மாணவர்களைப் போட்டிருக்கிறார்கள், வர வேண்டுமே. அதனால் வேலையை முடித்து, கிரீஸ் போகக் கை கழுவி, சட்டை மாற்றி, அவள் இடது பக்கம் போய் நிற்பேன். பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்ப்பேன். அவள் தலையாட்டினால் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

இந்த முறை வந்தது வேறு மாதிரி. வயலின், செல்லோ, பியானோ என்று மூன்று மாணவர்கள் சேர்ந்து வாசிக்கிற குழுத் தேர்வு. பியானோ வாசிக்க வேண்டிய பெண் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். துறைத் தலைவர் ஆறாம் அறைக்கே வந்து, "நீங்க உக்காந்தீங்கன்னா மத்த ரெண்டு பேர் தப்பிச்சாங்க" என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நோட்ஸை மேஜையில் விரித்து என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. இந்த ரெண்டு பக்கம்."

"என்ன இருக்கு இதுல?"

"வயலினும் செல்லோவும் சும்மா இருப்பாங்க. நான் மட்டும்தான். ரெண்டு நிமிஷம்."

இவ்வளவுதான் சொன்னாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டு நோட்ஸை எனக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. மறுநாள் எங்கள் மகளிடம், "மூணு வாரம் கழிச்சு, தேர்வு அன்னிக்கு, புதன்கிழமை அஞ்சு மணிக்கு ஹாலுக்கு வர்றியா? போன்ல ரெக்கார்ட் பண்ணணும்" என்றாள். மகளுக்குப் பதினாலு வயது. அம்மா வாசிப்பதைக் கேட்க வா என்று அவளை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

வீட்டில் இருக்கிற சின்ன கீபோர்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்று வாரம் அந்த இரண்டு பக்கத்தை வாசித்தாள். எங்களுக்குக் கட்டைகளின் டொக் டொக் மட்டும்தான் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு வாசித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது என்ன ராகம், என்ன வகை என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த மனுஷியைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது, அது மட்டும் தெரியும்.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். என் கோபத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

நோட்ஸில் அங்கங்கே எண் போட்டிருக்கும், ஒத்திகையில் எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று சொல்ல வசதியாக. பதினொன்று இவளுடைய இரண்டு பக்கம். பன்னிரண்டில் வயலின் திரும்ப வரும். ஒத்திகை அறை ஐம்பது நிமிஷம்தான் கிடைக்கும். அடுத்த குழு கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். தலைவர்தான் பயிற்சி கொடுத்தார். பத்தாம் எண் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்துவார்.

"பதினொண்ணு பியானோ தனியாத்தானே. அதை மேடம் பாத்துப்பாங்க. பன்னெண்டுலேர்ந்து போலாம்."

இவள் விரலைக் கட்டையிலிருந்து எடுத்து, தானே பக்கத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டுக்குப் போவாள். நான் போயிருந்த நாலு ஒத்திகையிலும் இதே கதை. வயலின்காரப் பையனுக்கு அங்கே எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். எதையும் ஒரு படி வேகமாகத்தான் வாசிப்பான். நோட்ஸ் வைத்துக்கொள்ளாமல் மனப்பாடமாக வாசிப்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

"ஒரு தடவையாவது அதையும் சேத்து வாசிக்கணும்னு கேளேன்" என்றேன், பஸ் நிறுத்தத்தில்.

"நேரம் எங்கங்க இருக்கு? தேர்வு அவங்களுக்குத்தானே."

"அப்ப நீ யாரு, ஒப்புக்குச் சப்பாணியா?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். மொத்தம் பதினோரு ஒத்திகை. அதில் பதினொன்றாம் எண்ணைச் சேர்த்து வாசித்தது ஒரே ஒரு நாள், தலைவர் வர லேட்டான அன்று. அன்றும் எக்ஸ்பிரஸ் அந்த இரண்டு நிமிஷமும் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தானாம்.

புதன்கிழமை வந்தது. அறுபது நாற்காலி போட்ட ஹாலில் இருபது பேர் இருந்தால் அதிகம். தேர்வாளர்கள் மூன்று பேர் முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஓரத்தில் இருந்தார். மகள் மூன்றாவது வரிசையில் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். மனைவி, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற கருநீலப் புடவை கட்டியிருந்தாள். பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு நல்ல புடவை என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தாம் எண் முடியப்போகிறது. அவள் தலையாட்டினாள், திருப்பினேன். அந்த இரண்டு பக்கமும் விரிந்தன. ஓரத்தில் அவள் பென்சிலில் போட்ட குறிகள், காப்பி டம்ளர் வைத்த வட்டம், எல்லாம் எனக்கு அத்துப்படி. மேலே பெரிதாகப் பதினொன்று. செல்லோ பெண் வில்லை மடியில் வைத்தாள். இவள் முதல் ஸ்வரத்தைத் தொட்டாள், இரண்டாவதைத் தொட்டாள்.

எக்ஸ்பிரஸ் வில்லைத் தூக்கிப் பன்னிரண்டை ஆரம்பித்துவிட்டான்.

அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? பத்து தடவை பத்துக்கு அடுத்து பன்னிரண்டு என்று அவன் கைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எனக்கே புரிந்துவிட்டது, நோட்ஸ் தெரியாத எனக்கே. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. விரல்கள் மட்டும் அதற்குள் பன்னிரண்டில் இருந்தன. செல்லோ பெண் ஒரு நொடி திகைத்து இவளைப் பார்த்து, வில்லை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டாள். இவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் திருப்பவில்லை. பக்கத்தின் மூலையைப் பிடித்தபடி நின்றேன். அவள் மறுபடி ஆட்டினாள், வேகமாக. திருப்பினேன். அவளுடைய இரண்டு பக்கத்தை என் கையாலேயே தள்ளிவிட்டேன்.

கைதட்டினார்கள். தேர்வாளர்களில் ஒருவர், மூவரும் ஒரே மூச்சாக வாசித்ததாகப் பாராட்டினார். எக்ஸ்பிரஸ் ஓடி வந்து, "தேங்க்ஸ் மேடம், செமையாப் போச்சு" என்றான். அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. செல்லோ பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. "மேடம்..." என்று வந்து நின்றாள். "விடும்மா. போய் ஏதாவது சாப்பிடு" என்று அனுப்பினாள் இவள். எங்கள் மகள் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உன்னோட ரெண்டு பக்கம் எப்ப வரும்? நான் இன்னும் ரெக்கார்டிங்கை நிறுத்தல."

வீட்டுக்குப் போனதும் நான் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. "நீ பாட்டுக்கு வாசிச்சிருக்கலாம்ல? அவனே நிறுத்தியிருப்பான்ல?"

"நிறுத்தியிருப்பான்."

"பின்ன? பாவம் பாத்தியா?"

"பாவம் பாத்திருந்தா பரவாயில்லையே." புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "சரி, விட்டுக்கொடுத்தோம்னு மனசாவது ஆறியிருக்கும். நான் யோசிக்கவே இல்லங்க. கை போயிடுச்சு. பன்னெண்டுல நாலு வரி போனப்புறம்தான், ஐயோ என்னோடது போச்சேன்னு தோணுச்சு."

லிஃப்டில் கயிறு அறுந்தால் தானாகக் கவ்விக்கொள்கிற பிடி ஒன்று உண்டு. உள்ளே ஆள் இருக்கிறானா, காலியா என்று அது பார்க்காது. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை. அன்று அவள் அழுதாள், நான் சாப்பிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைவர் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் துறையைப் பார்க்க வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை அதே மூவரும் அதையே வாசிக்க வேண்டுமாம்.

"பதினோரு நிமிஷம், கச்சிதமா இருந்துச்சு. அதே மாதிரி வாசிச்சாப் போதும். ஒத்திகைகூட வேண்டாம்."

அதன் முழு நீளம் பதிமூன்று நிமிஷம். பதினோரு ஒத்திகை நடத்திய மனிதருக்கு இரண்டு நிமிஷம் காணாமல் போனது தெரியவில்லை. அவர் காதும் பன்னிரண்டிலிருந்தே பழகியிருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், பசங்களுக்கு மார்க் எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டு அனுப்பியாச்சு. நல்ல மார்க் ரெண்டு பேருக்கும்."

"அப்ப சரி சார். வாசிக்கிறேன்."

போனை வைத்ததும் நான் ஆரம்பித்தேன். "தலையாட்டியாச்சா? தலையாட்டி பொம்மைகூட யாராவது தட்டினாத்தான் ஆடும்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து நோட்ஸை எடுத்துப் பதினொன்றை விரித்து மேஜையில் வைத்தாள். "அந்தப் பையன்கிட்ட நாளைக்கே சொல்லப்போறேன், ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும்னு."

"கேப்பானா?"

"தலையை நல்லா ஆட்டுவான். மேடையில கை தூக்கிடும். பழகின கை." தன் கையைப் பார்த்தாள். "என் கையும் அப்படித்தான். நம்ப முடியாது."

"அப்புறம்?"

"ரெண்டு பக்கமும் கண்ணு முன்னாடி இருந்தா கை அதைத்தான் வாசிக்கும்."

"நடுவுல அவன் வந்துட்டா எல்லாம் குழம்பிடாதா? பெரிய மனுஷங்க முன்னாடி?"

"குழம்பட்டும்" என்றாள். நோட்ஸின் மேல் மூலையைத் தடவி நேராக்கி என் பக்கம் தள்ளினாள். "வெள்ளிக்கிழமை நான் தலையாட்டினாலும் நீங்க திருப்பாதீங்க."